ஆடித் தோற்றால் ஒன்று, ஆடாமல் போனால் பூஜ்யம்

15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது, ஒரே ஒரு அணி வந்து நிற்கும் மைதானத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும். நான் நின்றிருக்கிறேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். சனி, ஞாயிறுகளில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எங்கே கூடைப்பந்துப் போட்டி நடந்தாலும் ரெஃப்ரியாகக் கூப்பிடுவார்கள், போவேன். சில வருடங்களுக்கு முன்னால் தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி. லீக்கின் கடைசி ஆட்டம்.

எதிரணி வராமல் இல்லை. வந்திருந்தது. மைதானத்துக்கு வெளியே புளியமரத்தடியில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஜெர்சியும் ஷூவும் வாங்கிக் கொடுத்த பெரியவர் ஒருவரின் படம், வாசலில் கட்டிய பிளெக்ஸில் விட்டுப்போயிருந்தது. காலையில் முணுமுணுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாக்குவாதம். மூன்று மணிக்கு, "எங்க டீம் ஆடாது" என்று வந்து நின்றது. கோச் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருட ஜெர்சியும் அந்தப் பெரியவர் கையில்தானே இருக்கிறது.

கேப்டன் பெண் மட்டும் இறங்கி வந்தாள். ஷூ லேஸ் கட்டித் தயாராக இருந்தாள். "மிஸ், கோச் இல்லாம நாங்களே ஆடலாமா?" ஆடலாம். கோச் இல்லையென்றால் கேப்டனே அந்த வேலையைப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்க 5 பேர் வேண்டும். அவள் பின்னால் இறங்கியவர்கள் 2 பேர். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது அவர்கள் ஊர்க்காரர்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆட வராத அணிக்காகக் காத்திருக்க வேண்டிய அந்த 15 நிமிடமும் முடிந்தது. ஸ்கோர் ஷீட்டில் 20–0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாக்ஓவர், அதாவது வந்து நின்ற அணிக்கு ஆடாமலே வெற்றி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேனில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் அது தெரியாது. கூடைப்பந்தில் ஜெயித்தால் 2 புள்ளி, ஆடித் தோற்றால் 1 புள்ளி, ஆடாமல் விட்டால் பூஜ்யம். அந்த அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது, 4 புள்ளி. அவர்களிடம் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஓர் அணி, மற்ற இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து 5 புள்ளியில் நின்றது. அதில் ஒன்று, வாக்ஓவர் வாங்கிய அணியை 4 புள்ளி வித்தியாசத்தில் மடக்கியது. வாக்ஓவர் வாங்கிய அணிக்கும் 5. முதல் இரண்டு அணிகள்தான் அரையிறுதிக்கு. யாரிடமும் தோற்காத பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் வீட்டுக்குப் போனார்கள். கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றிருந்தால் மூன்று அணியும் 5 புள்ளியில் நின்றிருக்கும், வித்தியாசக் கணக்கு பார்த்திருப்போம். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தால்கூட அரையிறுதிக்குப் போயிருப்பார்கள்.

உலகத்திலேயே பெரிய அணிகளுக்கும் இதே கணக்குதான். 1959 ஜனவரியில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் ஆண்கள் உலகக் கோப்பை நடந்தது. சோவியத் அணி அமெரிக்காவை 62–37 என்று நசுக்கியது. அமெரிக்கா அனுப்பியது விமானப்படை அணியைத்தான், இருந்தாலும் அமெரிக்கா அமெரிக்காதான். பிரேசிலையும் சோவியத் வென்றது. இறுதிச் சுற்றில் ஆடிய எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. மிச்சம் தைவான் மட்டும். தைவானை நாடாகவே ஏற்கவில்லை என்பதால் அவர்களோடு ஆட மாட்டோம் என்றார்கள். பல்கேரியாவும் அதையே சொன்னது. ஏழு அணிகள் இருந்த அந்தச் சுற்றில் சோவியத் ஆறாவது, பல்கேரியா ஏழாவது. தங்கம் பிரேசிலுக்கு. தைவானுக்கு நான்காம் இடம்.

அடுத்த உலகக் கோப்பை 1962-ல் மணிலாவில் நடக்க வேண்டியது. பிலிப்பைன்ஸில் கூடைப்பந்து என்றால் நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. 1954 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த நாடு. அப்படிப்பட்ட ஊரில், கம்யூனிஸ்ட் நாட்டு அணிகளுக்கு விசா கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா போட்டியைத் தூக்கிக்கொண்டு போய் 1963-ல் ரியோவில் நடத்தியது. சொந்த ஊரில் பிரேசில் மறுபடி ஜெயித்தது. ஆண்கள் பிரிவில் பிரேசிலுக்கு இருப்பது இந்த இரண்டே உலகக் கோப்பைகள்தான், இரண்டிலும் அரசியல் கை வைத்திருக்கிறது. அதற்காக அது லேசுப்பட்ட அணி இல்லை. 1960, 1964 ஒலிம்பிக் இரண்டிலும் வெண்கலம் வாங்கிய அணி. ஆனாலும் 1959 பற்றிப் பேச்சு வந்தால் யாராவது சோவியத்தை இழுத்துவிடுவார்கள். வராமல் போனவர்களின் நிழல் வந்து ஜெயித்தவர்கள் மேல் விழுகிறது.

"இந்தியா ஒலிம்பிக்ல பாஸ்கெட்பால் ஆடியிருக்கா மிஸ்?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆடியிருக்கிறது, ஒரே ஒரு தடவை, 1980 மாஸ்கோ. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததால் அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் போகவில்லை. ஆசியாவில் அப்போது நமக்கு மேலே இருந்த சீனா, ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் எல்லாமே விலகிக்கொள்ள, வாய்ப்பு வரிசையில் நின்ற நம்மிடம் வந்தது. ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோற்றோம். சோவியத்திடம் 65–121. பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, அதே ஒலிம்பிக்கில் நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கியில் தங்கம் வாங்கியதைச் சொல்வேன். அங்கேயும் மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா இல்லை. அந்தத் தங்கத்தை யாரும் குறைத்துப் பேசுவதில்லை, பேசவும் கூடாது. இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4–3 என்று ஆடித்தானே ஜெயித்தார்கள்.

எனக்கு அந்த ஒலிம்பிக்கில் மனசு போய் நிற்பது வேறொருத்தியிடம். கேரல் பிளசயோவ்ஸ்கி என்று ஓர் அமெரிக்க வீராங்கனை. 1977-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்தவர். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது 1976-ல். அந்த அணித் தேர்வில் கடைசி நேரத்தில் கழித்துவிட்டார்கள். சரி, அடுத்தது என்று, பணம் வாங்கி ஆடப் போகாமல் நான்கு வருடம் காத்திருந்தார். அப்போது சம்பளம் வாங்கினால் ஒலிம்பிக்கில் ஆட முடியாது. 1980 அணியில் இடமும் கிடைத்தது. அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. அவர் ஒலிம்பிக் ஆடவே இல்லை. 1984-ல் சோவியத் பதிலடி கொடுத்தது, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரமாட்டோம் என்று. 76, 80 இரண்டிலும் தங்கம் வாங்கிய சோவியத் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். ஆண்கள் அணியில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற 19 வயது சபோனிஸும்தான். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

அப்படியென்றால் எந்தப் புறக்கணிப்பும் தப்பு என்கிறேனா? இல்லை. 1974-ல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்குப் போனது. அணியில் நம் சென்னை விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ். எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் வெளியேறியபோது எகிப்தின் கூடைப்பந்து அணியும் பாதிப் போட்டியில் கிளம்பியது. நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா போனதுதான் கோபம். அந்தக் கதவடைப்பு ஒருநாள் கூத்து இல்லை. வருடக்கணக்கில், பல விளையாட்டுகளில், பல நாடுகள் சேர்ந்து நின்றன. 1992 வரை தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக்குக்குத் திரும்பவில்லை. விலை கொடுத்ததற்குப் பொருள் இருந்தது. பிளெக்ஸ் படத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

சமீபத்திய இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில், லாட்வியாவின் ரீகாவில், அயர்லாந்து பெண்கள் அணி இஸ்ரேலோடு ஆட வேண்டியிருந்தது. காசா போர் காரணமாக உள்நாட்டில் ஆடாதே என்று பெரிய அழுத்தம். விலகினால் அபராதமும் 5 வருடம் வரை தடையும் வரலாம் என்று அவர்கள் சங்கம் சொன்னது. சில வீராங்கனைகள் நான் வரவில்லை என்று தாங்களே ஒதுங்கினார்கள். போனவர்கள் ஆடினார்கள், கைகுலுக்கவில்லை, 57–87 என்று தோற்றார்கள். 2025-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த 19 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையில் ஜோர்டான் அணி இஸ்ரேலோடு ஆடவில்லை. 20–0. நான் புளியமரத்தடியில் எழுதிய அதே எண்.

அந்தப் போரைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அயர்லாந்தில் ஒதுங்கிய பெண்களை நினைக்கிறேன். முடிவும் அவர்களுடையது, விலையும் அவர்களுடையது. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அப்படி யாரும் பிள்ளைகளைக் கேட்பதில்லை. அந்த வயதுப் பிரிவுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது. நம் மாவட்டத்தில் பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன? நன்றாகப் படித்தால் காலேஜ், இல்லையென்றால் ஓசூரில் கம்பெனி வேலை, அதுவும் இல்லையென்றால் கல்யாணப் பேச்சு. நடுவில் மெல்லிசாக ஒரு வழி, விளையாட்டு ஒதுக்கீடு. அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது, கல்லூரியில் இடம் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு மாவட்டம் தாண்டி மாநிலம் போக வேண்டும், அதற்கு யார் கண்ணிலாவது பட ஆட வேண்டும். குறுவட்டப் போட்டியானாலும் முதலமைச்சர் கோப்பையானாலும் இதுதான்.

அதனால் கோச்களிடமும் பெற்றோரிடமும் நான் சொல்வது இது. கோபம் வந்தால் முதலில் ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்துப் போட என்றே ஒரு கட்டம் அதில் இருக்கிறது. ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் ரெஃப்ரியிடம் சொல்லி அதில் கையெழுத்துப் போடலாம், 1 மணி நேரத்துக்குள் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். ஃபிபா விதிப்படி இது. உள்ளூர்ப் போட்டிகளில் நேரமும் கட்டணமும் மாறும், மேனேஜர் மீட்டிங்கிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்கோர் தப்பு, கடிகாரத் தப்பு, தகுதியில்லாத ஆள் ஆடியது, இதற்கெல்லாம் அந்தக் கட்டம். பிளெக்ஸ் அதில் வராது. அதற்குப் போட்டிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் போதும், அடுத்த வருடம் அந்தப் போட்டிக்குப் போகாமல் இருப்பதும் உங்கள் உரிமை. விலகுவதென்றால் ஃபிக்சர் போடும் முன்னாலேயே விலகுங்கள், காத்திருக்கும் இன்னொரு அணி உள்ளே வரும், 1980-ல் நமக்குக் கிடைத்த மாதிரி. நடுவில் விலகினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. ஒரே போட்டியில் இரண்டாவது தடவையும் வாக்ஓவர் கொடுத்தால், அந்த அணி அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகளையே அழித்துவிடலாம், ஜெயித்ததையும் சேர்த்து.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். என் பிள்ளைகளை நான் யாருடைய வேனிலும் ஏற்றுவதில்லை. அரூர் ஆனாலும் பாலக்கோடு ஆனாலும் அரசு பஸ்தான். நின்றுகொண்டே போனாலும் பரவாயில்லை.

அந்தக் கேப்டனைப் போன வருடம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நலம் விசாரித்துவிட்டு, "மிஸ், அன்னைக்கு நாங்க 30 பாயிண்ட்ல தோத்திருந்தாக்கூட செமிக்குப் போயிருப்போமாமே, நெஜமா?" என்றாள். யாரோ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்றேன். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.