பழைய அடாப்டரில் ஓடும் கம்ப்யூட்டர் ஃபேன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜூனில் ஈரம் ஏறும் சுவர் பல வீடுகளில் டிசம்பர் வரை சரியாகக் காய்வதில்லை. அலமாரித் துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிக்கிறது. தேங்கி நிற்கும் அந்தக் காற்றை விடாமல் நகர்த்திக்கொண்டிருக்க, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேனே போதும். அது 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் எடுத்தால் 2.4 வாட். மாதம் முழுக்க இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு யூனிட் வராது.

சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். ஃபேனுக்குத் தேவை ஒரே திசையில் பாயும் 12 வோல்ட் டிசி. மோடத்துக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வந்த பழைய அடாப்டர் இந்த மாற்றத்தைச் செய்துவிடும். உள்ளே வரும் ஏசியை முதலில் சுமார் 325 வோல்ட் டிசியாக்குகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, மறுபடியும் டிசியாக்குகிறது. வெட்டும் வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாகலாம். இன்றைய அடாப்டர் கையடக்கமாக இருப்பது அதனால்தான். கனமான பழைய வகையில் இந்த வெட்டு வேலை கிடையாது. 12 என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 16 வோல்ட் வரைகூடக் காட்டும். அதை வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரில் பார்க்காமல் மாட்டக் கூடாது. வெளியே வருவது ஏசியாகவே இருக்கும் அடாப்டர்களும் உண்டு. லேபிளில் டிசி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பலருக்கும் வரும் பயம் ஒன்று: 0.2 ஆம்பியர் ஃபேனை 2 ஆம்பியர் அடாப்டரில் போட்டால் எரிந்துவிடாதா? எரியாது. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர், அதனால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு எடுப்பது என்பதை ஃபேன்தான் தீர்மானிக்கிறது. வீட்டு பிளக்கில் கிரைண்டரும் ஓடுகிறது, ஜீரோ வாட் பல்பும் எரிகிறது, இல்லையா? பொருந்த வேண்டியது வோல்ட். ஆம்பியர் ஃபேனுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லதுதான். 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலான ஃபேன்கள் சத்தம் குறைந்து மெதுவாக ஓடும். 5 வோல்ட்டில் சில ஃபேன்கள் கிளம்பவே கிளம்பாது.

கிளம்பாததற்குக் காரணம் ஃபேனின் நடுவில் இருக்கிறது. இறக்கைகளோடு சேர்ந்து சுற்றுவது காந்த வளையம். அசையாமல் நிற்பவை செம்புக் கம்பிச் சுருள்கள். இதில் கார்பன் பிரஷ் இல்லை. பக்கத்தில் உள்ள, காந்தத்தை உணரும் ஹால் சென்சார், எதிரே வந்திருப்பது வடதுருவமா தென்துருவமா என்று பார்த்துச் சொல்ல, ஒரு சிப் அதற்கேற்பச் சுருள்களில் மின்சாரத்தை மாற்றிவிடுகிறது. காந்தம் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிப் வேலை செய்யவே குறைந்தபட்ச வோல்ட் வேண்டும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றாமல் சும்மா நிற்பதும் இந்தச் சிப்பால்தான். எல்லா ஃபேனிலும் அதற்குப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், சிப் போய்விடலாம்.

வயர் நிறத்தில்தான் கவனம் தேவை. மூன்று வயர் ஃபேனில் பொதுவாகக் கறுப்பு மைனஸ், சிவப்பு பிளஸ், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் வயர். நான்கு வயர் ஃபேனிலோ பெரும்பாலும் மஞ்சள்தான் பிளஸ். வேகத்தைச் சொல்வது பச்சை, வேகத்தைக் கட்டுப்படுத்துவது நீலம். நான்குமே கறுப்பாக இருந்தால் கனெக்டரின் முதல் பின் மைனஸ், இரண்டாவது பிளஸ். மற்ற இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி விட்டுவிடலாம். நீல வயருக்கு எதுவும் கொடுக்காவிட்டால் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

அடாப்டரை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெட்டுவது அதன் வெளி வயரை மட்டும், அதுவும் பிளக்கிலிருந்து கழற்றிய பிறகு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வெறுமனே முறுக்கிய இணைப்பு உப்புக் காற்றில் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.