மூளையதிர்வு

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு சாயங்கால ஃபுட்பால். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு இரண்டு பையன்கள் எகிறினார்கள். தலையும் தலையும் மோதிக்கொண்டன. ரத்தமும் இல்லை, மயக்கமும் இல்லை. எழுந்து நின்ற 14 வயதுக்காரன், "பொறி கலங்கிடுச்சுண்ணா" என்றான். "ஒண்ணுமில்லடா, மூஞ்சி கழுவிட்டு வா" என்றார் கோச். கழுவிவிட்டு வந்தவன் கேட்டான்: "நாம எந்தப் பக்கம்ணா கோல் அடிக்கணும்?" எனக்குத் திக்கென்றது.

அவனுக்கு வந்ததைத்தான் டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள். லத்தீனில் 'குவாத்தெரெ' என்றால் குலுக்குவது. முன்னால் 'கொன்' சேர்ந்தால் பலமாகக் குலுக்கி எடுப்பது. அந்தச் சொல்லில் காயம் என்ற பொருளே கிடையாது. மூளைக்கு நடப்பதும் குலுக்கல்தான். மண்டைக்குள் நீரில் மிதக்கிற மூளை அடியின் வேகத்தில் குலுங்கிப்போய், அதன் வேலை சில நாள், சில வாரம் தடுமாறுகிறது. தலையில்தான் அடிபடவேண்டும் என்றுகூட இல்லை. உடம்பில் பட்ட இடி தலையை வெடுக்கென்று ஆட்டினாலே போதும். சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

தமிழில் 'மூளை அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் அதிர்ச்சி என்றதும் இன்று நமக்குத் தோன்றுவது கெட்ட செய்தி கேட்டு இடிந்துபோன மனசு. 'தலைக்காயம்' என்றால் நெற்றியில் தையல் போட்டதும் அதில் அடங்கிவிடும். நான் எழுதுவது 'மூளையதிர்வு'. அதிர்தல் என்றால் நடுங்குதல், குலுங்குதல். "அதிர வருவதோர் நோய்" என்று குறளிலேயே (429) நோயோடு சேர்ந்து வந்த வினை அது.

பையன் சொன்ன 'பொறி கலங்கிடுச்சு' என்பதையும் தள்ளிவிட முடியாது. பொறி என்பது ஐம்பொறி. கண் மங்கி, காது இரைந்து, தலை கிறுகிறுக்கிற நிலையை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டான். புளியந்தோப்பு பாக்சிங் பையனோ கொருக்குப்பேட்டை கபடிப் பெண்ணோ அப்படிச் சொன்னால், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்றுதான் அர்த்தம். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றாலோ, ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே ஓடவேண்டும்.

மற்றபடி தேறுவதற்கு வேண்டியது நிதானம். முதல் 24-48 மணி நேரம் வீட்டோடு ஓய்வு, செல்போனைக் குறைக்கவேண்டும். இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பது பழைய வழக்கம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் மெல்ல நடப்பது நல்லது என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் லேசான ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, டாக்டர் சரி என்றபின் முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தொல்லை கூடினால் ஒரு படி இறங்கவேண்டும். பிள்ளைகளுக்கு 4 வாரம்கூட ஆகலாம். பள்ளிக்கூடம் முழுசாகத் திரும்பிய பிறகுதான் மைதானத்தில் முழு ஆட்டம்.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா லீவ் லெட்டரில் "தலைவலி" என்று எழுதி, "சரியாண்ணா?" என்று காட்டினார். அடித்துவிட்டு "மூளையதிர்வு" என்று எழுதி, டாக்டர் சீட்டையும் சேர்த்துப் பின் போட்டுக் கொடுத்தேன்.