"மேடம், ஒரு டாபிக் குடுங்க"

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு வரிசை நிற்கும். எல்லாம் மூன்றாம் ஆண்டு உளவியல் மாணவர்கள். ஆறாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு, மார்ச்சில் பைண்டிங் போட்டுக் கொடுத்தாக வேண்டும். உள்ளே வந்ததும் எல்லாருக்கும் ஒரே முதல் வாக்கியம்தான்: "மேடம், ஒரு டாபிக் குடுங்க."

நானும் பல வருடம் கொடுத்திருக்கிறேன். சுயமதிப்பும் மன அழுத்தமும், கைப்பேசியும் தூக்கமும், தனிமையும் சமூக ஊடகமும் என்று நாலைந்து தலைப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தால் காலம் ஓடிவிடும். ஒரு கூகுள் ஃபார்ம் தயாராகும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். நண்பர்களின் நண்பர்கள் பஸ்ஸில் நின்றபடியே தட்டிவிடுவார்கள். நூறு பதில் சேர்ந்ததும் எண்களைக் கணினியில் ஏற்றி, 'குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவார்கள். கைடு என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பிள்ளை ஆய்வு செய்ததா என்று யாராவது கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

ஒரு வருடம் எனக்கு 14 பேரை ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். குரல் நடுங்கியது. "மேடம், ஃபார்ம்ல ஒருத்தர் ஒன்பதாவது கேள்விக்கு 'கிட்டத்தட்ட தினமும்'னு போட்டிருக்காங்க. பேர் கேட்கலையே. நான் இப்ப என்ன பண்றது?"

அவள் அனுப்பியது பி.எச்.கியூ-9. மனச்சோர்வைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்கும். இலவசமாகக் கிடைக்கும், தமிழிலும் உண்டு, அதனால் மாணவர்களுக்கு வசதி. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அதற்கு யாரோ ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று பதில் சொல்லியிருக்கிறார். யாரென்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

அன்றிரவு எங்களால் முடிந்தது ஒன்றுதான். ஃபார்ம் போன எல்லாக் குழுக்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினோம். இந்தக் கேள்விகள் யாருக்காவது பாரமாக இருந்தால் பேசுங்கள் என்று எழுதி, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416ஐயும் எங்கள் கல்லூரி ஆலோசகரின் நேரத்தையும் போட்டோம். அந்த நபர் பார்த்தாரா, பேசினாரா என்பது இன்றுவரை தெரியாது. இருபது வயதுப் பெண் அதைச் சுமந்துகொண்டு தேர்வு எழுதினாள். தப்பு அவளுடையது இல்லை. அந்த ஃபார்ம் வெளியே போவதற்கு முன்பு நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சில விஷயங்களில் பிடிவாதமாகிவிட்டேன். இளநிலை மாணவர்கள் வாட்ஸ்அப் வழியாக மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வித்தாளை அனுப்பக் கூடாது. அந்தத் தலைப்பில்தான் செய்வேன் என்று யாராவது நின்றால், ஒன்பதாவது கேள்வி இல்லாத பி.எச்.கியூ-8 இருக்கிறது; அதையும் நேரில் உட்கார்ந்து, பக்கத்து அறையில் ஆலோசகர் இருக்கும் நேரத்தில்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, முதலாம் ஆண்டு வகுப்புக்குள் போய் டேட்டா எடுப்பது. அங்கே பாதிப் பேருக்கு 17 வயதுதான் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி 18 நிறையாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தப் பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். 'எல்லாரும் காலேஜ்தானே படிக்கிறாங்க' என்பது பதில் ஆகாது. இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சரி, 14 பேரைத் தனித்தனியாக யார் பார்ப்பது? முடியாது. அதனால் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம். ஒருவர் தன் வேலையைக் காட்டுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை 'இன்னும் சின்னதாக்கு'. 'இளைஞர்களின் மனநலத்தில் குடும்பத்தின் பங்கு' என்று வருபவர் நாலு வாரத்தில் ஒரே ஒரு கேள்விக்கு இறங்கி வர வேண்டும்.

அப்படி இறங்கி வந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோல் என்று 1965இலிருந்து புழங்கும் பத்து வாக்கியங்கள் உண்டு. அதைத் தமிழாக்கி எடுத்துவந்தாள். மொழிபெயர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'முதலில் வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டு, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா' என்றேன். அவள் அம்மா தையல் வேலைக்குப் போகிறவர். தன்மீது தனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்தால் தேவலை என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாராம்: "நம்மள நாமே எப்படிடி மதிச்சுக்கிறது? மதிக்கிறது மத்தவங்க வேலையில்ல?"

அந்த வாக்கியத்துக்கு ஆம் என்று சொன்னால் சுயமதிப்பு குறைவு என்று அளவுகோல் மதிப்பெண் போடும். ஆனால் அந்த அம்மா போன்றவர் 'ஆமா, மரியாதை கூடுனா நல்லதுதானே' என்று ஆம் போடுவார். வேறு பல நாடுகளிலும் இதே வாக்கியம் தொல்லை கொடுத்திருக்கிறது. அந்த வருடம் அவளுடைய ப்ராஜெக்ட் சுயமதிப்பு பற்றி இல்லாமல் போனது. பத்து வாக்கியங்களையும் 20 பேரிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பதிவு செய்ததுதான் ப்ராஜெக்ட். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய அவளுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அழுதாள், உண்மையிலேயே. ஆனால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அவள் பேசியதுபோல அந்த வருடம் வேறு யாரும் பேசவில்லை.

இன்னொரு குழு ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக்கொண்டது. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். சொல்லை வாசிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்டது, இன்றைக்கும் வகுப்பறையில் செய்தால் வேலை செய்கிறது. யாருடைய அந்தரங்கத்தையும் தொடாத, கெட்டியான சோதனை. தமிழ் மீடியத்தில் படித்துவந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் அதிகம் தடுக்குமா, ஆங்கிலச் சொல்லா என்று இவர்கள் கேட்டார்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்ய வேண்டும், எதை முதலில் கொடுப்பது என்பதை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், சொற்களின் நீளம் ஒத்துவர வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவர்களே கண்டுபிடித்தார்கள். விடை என்ன வந்தது என்கிறீர்களா? 30 பேரை வைத்து வந்த விடையை இங்கே எழுதினால் என் மாணவர்களே சண்டைக்கு வருவார்கள்.

பழைய சோதனையை மறுபடி செய்வதா, அதில் என்ன புதுசு என்று கேட்கும் பேராசிரியர்கள் உண்டு. 2015இல் பிரையன் நோசெக் தலைமையில் ஒரு பெரிய குழு, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது 'குறிப்பிடத்தக்க' முடிவு காட்டியவை. மறுபடி செய்தபோது தேறியவை 36 சதவீதம்தான். நம் துறை பட்ட சூடு அது. மாணவர் முதல் வருடமே இதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட உண்டு.

எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 'எத்தனை சாம்பிள் வேணும் மேடம்?' என்றால், போன வருடம் சீனியர் எடுத்தது 100 என்பதுதான் வழக்கமான பதில். இரண்டு விஷயங்களுக்கு நடுவே 0.3 அளவு தொடர்பு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) இருப்பதாக எதிர்பார்த்தால், அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் சுமார் 85 பேர் போதும். தொடர்பு 0.2 என்றால் 200 பேர் பக்கம் போய்விடும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இதை நொடியில் சொல்லும். ஆய்வைத் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு, எதை எதோடு ஒப்பிடப் போகிறோம் என்று தேதியோடு எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் இருபது ஒப்பீடு செய்து பார்க்கத் தோன்றும். உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும், வழக்கமான ஐந்து சதவீத வரம்பில் தனித்தனி இருபது சோதனைகளில் ஒன்றாவது 'குறிப்பிடத்தக்கது' என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. பகுப்பாய்வுக்கு ஜாஸ்ப், ஜமோவி இரண்டுமே காசில்லாமல் கிடைக்கின்றன. திருட்டு மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம்.

ப்ராஜெக்ட் சென்டர்களைப் பற்றி ஒரு வரி. பணம் கொடுத்தால் டேட்டா முதல் பைண்டிங் வரை எல்லாம் தருவார்கள். அங்கே போகும் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அவர்களுடைய கைடு மூன்று மாதத்தில் ஒரு முறைகூட உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்.

மாணவர்களுக்கு நான் சொல்வது: மூன்றாம் ஆண்டு டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே, பிஎச்.டி. செய்யும் அக்கா அண்ணன் யாராவது இருந்தால் போய் நில்லுங்கள். முதலில் கிடைப்பது டேட்டா ஏற்றுவது, பேட்டியைத் தட்டச்சு செய்வது மாதிரி வேலைதான். செய்யுங்கள். ஆனால் கட்டுரை வந்தால் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். டேட்டா எடுத்துக் கொடுத்ததற்காக மட்டும் ஆசிரியர் பட்டியலில் பெயர் வராது, நன்றியுரையில் வரும். அதே விதிப்படி, கையெழுத்து மட்டும் போட்ட கைடின் பெயரும் வரக் கூடாது. இதை ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சொன்னதில்லை.

வேறு கல்லூரி ஆசிரியருக்கு மெயில் அனுப்புவதானால் 'எனக்கு உளவியலில் மிகுந்த ஆர்வம்' என்று தொடங்க வேண்டாம். அப்படித்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போன ஜூலையில் எனக்கு வந்த ஒரு மெயில் மொத்தமே மூன்று வரி: "உங்கள் கட்டுரையில் மூன்றாவது அட்டவணை எனக்குப் புரியவில்லை மேடம். கூட்டினால் வேறு எண் வருகிறது. சனிக்கிழமை வந்து கேட்கலாமா?"

வந்தாள். இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். தப்பு என்னுடையதுதான். பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தக் கடிதத்தின் முதல் வரைவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.