“ஆர்வம் இல்லை” என்று முடிவு கட்டும் முன்

“எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம் சார், அந்தப் பையனுக்கு ஆர்வமே இல்ல.” அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட முன்வரும் நல்ல மனிதர்கள் என்னிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கல்வி, வேலைவாய்ப்பு ஆலோசகனாக இருக்கிற எனக்கு, இதைக் கேட்டால் இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

கடைசியாக அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவன் ஒரு கல்குவாரித் தொழிலாளியின் மகன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊருக்குள் வந்த ஒரு புரோக்கர், “ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு பைசா கட்ட வேண்டாம்” என்று சொல்லி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், அரசுக் கவுன்சிலிங் இல்லாமல், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் அன்றைக்கே கல்லூரி பீரோவுக்குள் போய்விட்டன. இரண்டாம் செமஸ்டரில் பணம் கேட்டார்கள். கட்ட வழியில்லாமல் நின்றுவிட்டான். மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்கிறார்கள். வழிகாட்டியாக வந்த அண்ணன் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேரச் சொல்லிப் போன் செய்யும்போதெல்லாம் “சரிண்ணா” என்றிருக்கிறான். போகவில்லை. டி.சி. கையில் இல்லாதவன் எங்கே போய்ச் சேருவான்? அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வெட்கம்.

இந்த “சரிண்ணா”வைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை, உதவி செய்ய வந்தவரிடம் “முடியாது” என்று சொல்லாது. “பஸ்ஸுக்குக் காசு இல்லை” என்றும் சொல்லாது. போன் சுவிட்ச் ஆஃப் என்றால் பெரும்பாலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். வரச் சொன்ன நாளில் வரவில்லையா? அன்றைக்கு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இவன் கூலிக்குப் போயிருப்பான். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று சாய்ஸ் கொடுக்காமல் விட்டானா? விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் செல் நம்பரையும் தன் மின்னஞ்சலையும் போட்டிருப்பார். ஓ.டி.பி. அவருக்குப் போகும், குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். பையனுக்குத் தேதி தாண்டியதே தெரியாது. இதற்கெல்லாம் நாம் வைக்கும் பெயர் ஆர்வமின்மை. தயவுசெய்து அந்தப் பிள்ளைகளுக்கு ஊக்கப் பேச்சு வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். தாலுகா ஆபீஸுக்கு ஒரு நாள் அவர்களோடு போய் நில்லுங்கள், அது போதும்.

சான்றிதழ் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. தர மறுத்தால் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம் என யோசனை சொல்பவர்கள் உண்டு. பொய் மனுவில் மாட்டப்போவது அந்தப் பிள்ளைதான்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை பொறியியல் படிப்பில் அரசுக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படித்தான். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் புரோக்கர் கையில் விழுவதற்குக் காரணம், அந்த மே, ஜூன் மாதங்களில் வீட்டு வாசலுக்கு வருவது அவர் மட்டும்தான். நீங்கள் அவருக்கு முன்னால் போங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளுக்குத் தேர்வு முடிந்த வாரமே இ-சேவையில் விண்ணப்பியுங்கள்.

“முதல்ல வேலைக்குப் போகட்டும், படிப்பை அப்புறம் பாத்துக்கலாம்” என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு உடனே பணம் வேண்டும் என்பது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குத் தகுதி இருந்தால் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. இந்தப் படிகளைத் தாளில் வரைந்து அம்மா அப்பாவிடமும் காட்டுங்கள், முடிவெடுப்பவர்கள் அவர்கள். ஆனால் பிளஸ் டூ முடிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. வேலை வாங்கித் தர முன்பணமோ ஒரிஜினலோ கேட்கிற கன்சல்டன்சி எதுவானாலும் அந்தப் படியை மிதிக்க விடாதீர்கள்.

கல்லூரியில் சேர்த்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் ஆபத்தான நேரம் தீபாவளி விடுமுறை. கூடப் படித்தவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாங்கிய சம்பளத்தில் புதுச் சட்டை போட்டு வந்திருப்பான். இவன் கையில் இங்கிலீஷில் நடத்தப்பட்ட, புரியாத மூன்று மாதப் பாடம் இருக்கும். விடுமுறை முடிந்து பஸ் ஏறாமல் ஊரிலேயே நின்றுவிடுகிறவர்கள் நிறைய. அந்த வாரம் போனில் அறிவுரை வேண்டாம். முடிந்தால் நேரில் போங்கள். “எந்தப் பாடம்டா புரியல?” என்று கேளுங்கள், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். திரும்பிப் போகப் பஸ் காசு இருக்கிறதா என்பதை அவன் அம்மாவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.