குளோன் என்றால் போத்து

குடியாத்தம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் முருங்கை வைக்க வேண்டுமென்றால் பலர் விதையைத் தேட மாட்டார்கள். யார் வீட்டு மரத்தில் காய் சதைப்பற்றாக இருக்கிறதோ, அங்கே கேட்டு, கை பருமனில் ஒரு கொம்பு வெட்டி வந்து ஊன்றுவார்கள். வெட்டிய மேல்முனையில் சாணியை அப்பிவிடுவார்கள். அந்தக் கொம்புதான் போத்து. போத்தில் வந்த மரம் தாய்மரத்தின் குணம் மாறாமல் காய்க்கும். விதையில் வந்தது எப்படிக் காய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 'குளோன்' என்ற சொல்லின் முழுப் பொருளும் இதற்குள் இருக்கிறது.

அந்தச் சொல் பிறந்ததும் இப்படித்தான். கிரேக்கத்தில் 'க்லோன்' என்றால் சுள்ளி, இளங்கொம்பு. கொம்பு, கிழங்கு, ஒட்டு வழியாகப் பெருக்கும் செடிகளைக் குறிக்க 1903இல் அமெரிக்கத் தாவர ஆய்வாளர் ஹெர்பர்ட் வெப்பர் அதை எடுத்துக்கொண்டார். தோட்டத்துச் சொல்லாக இருந்தது, 1996இல் வளர்ந்த ஆடு ஒன்றின் உயிரணுவிலிருந்து அதன் அச்சாக டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்த பிறகு ஆய்வுக்கூடச் சொல்லாக மாறிப்போனது. தமிழில் நகலாக்கம், படியாக்கம் என்றெல்லாம் எழுதத் தொடங்கினோம். நகல் அரபியிலிருந்து வந்தது. கேட்டதும் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வருகிறது. 'படி' நல்ல தமிழ்தான். ஆனால் உயிருள்ள ஒன்று துளிர்த்துத் தானே பெருகுவதை அது காட்டுவதில்லை.

பயிர் நோய்களைப் பற்றிப் படிக்கும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. அங்கே 'குளோனல் லினியேஜ்' என்ற தொடர் அடிக்கடி வரும்; கலப்பில்லாமல் ஒன்றிலிருந்தே அச்சு மாறாமல் பெருகி வந்த வம்சம் என்று பொருள். இதைப் போத்துவழி என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். கால்வழி என்பது போல, போத்துவழி.

நெல் குலைநோயை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பனியில் இலையில் கண் வடிவப் புள்ளி விழுந்து, அப்புறம் கதிரின் கழுத்து கறுத்து, மணி பதராகிப் போவதை வேலூர்ப் பக்கம் சம்பா வைத்தவர்கள் அறிவார்கள். அதற்குக் காரணமான பூசணத்தில் (பூஞ்சையில்) ஆண், பெண் போல, ஒன்றோடொன்று கூடக்கூடிய இரண்டு புணர்வகைகள் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக் கூடினால் மரபணுக்கள் கலைந்து, விதையில் வந்த முருங்கை போலப் புதுப்புதுக் குணங்கள் பிறக்கும். சந்திக்காத இடத்தில் பூசணம் தன் வித்துகளைத் தானே உதிர்த்து, அச்சு மாறாமல் பரவும். உலகின் பெரும்பகுதி நெல்வயல்களில் நடப்பது இரண்டாவதுதான். தென்கிழக்கு ஆசியப் பகுதியில் மட்டும் கலப்பின் தடயம் தெளிவாகக் கிடைக்கிறது. ஒரு நோய் எங்கே பிறந்தது, எந்த வழியில் போனது என்பதை இப்படி மரபணுவை வைத்துத் தேடும் படிப்பைச் சிலர் 'மக்கள்தொகை மரபியல்' என்கிறார்கள். பூசணத்துக்கு ஏது மக்கள்? இனத்தொகை மரபியல் என்பதே சரி.

இதே பூசணத்தின் இன்னொரு வகை கோதுமையைத் தாக்குகிறது. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதலில் தெரிந்தது. 2016இல் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைப் பிடித்தது. 2018இல் ஆப்பிரிக்காவின் சாம்பியாவிலும் தோன்றியது. மூன்று கண்டம், ஆனால் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், வங்கதேசத்துக்கும் சாம்பியாவுக்கும் தென் அமெரிக்காவிலிருந்து தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது ஒரே போத்துவழி. 2023இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. ஒரே போத்து என்பதால் ஒரு நன்மையும் உண்டு: கோதுமையில் உள்ள ஆர்.எம்.ஜி. 8 என்ற எதிர்ப்பு மரபணுவுக்கு அந்த வழி முழுவதும் அடங்குகிறது. ஆனால் மருந்துக்கு அடங்காத மாற்றம் ஒன்று தற்செயலாக வந்துவிட்டால், அதுவும் அப்படியே மாறாமல் பெருகும். போகிற ஊரில் எதிர் புணர்வகையைச் சந்தித்துவிட்டால் கலப்பும் தொடங்கலாம்.

நம் கரும்பும் போத்துதான். கரணை வெட்டி நடும்போது வயல் முழுக்க ஒரே செடியைத்தான் நடுகிறோம். கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 சர்க்கரைச் சத்து மிகுந்த ரகம். செவ்வழுகல் என்ற பூசண நோய் அதை வீழ்த்தியது. நோயுள்ள கரணையோடு செவ்வழுகல் பூசணமும் அடுத்த வயலுக்குப் போகும். அதனால் விதைக் கரும்பைப் பிளந்து பார்த்து, உள்ளே சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டும் புளித்த வாடையும் இருந்தால் ஒதுக்க வேண்டும்.

போத்துக்குப் பதில் 'கிளை' என்றே சொல்லலாமே என்று கேட்கலாம். அழகான சொல்தான், 'கேளும் கிளையும்' என்னும்போது உறவையும் குறிக்கிறது. ஆனால் 'கிளேடு' என்று உயிரியலில் இன்னொரு சொல் இருக்கிறது. அதன் கிரேக்க மூலத்துக்கும் கிளை என்பதே பொருள். ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த எல்லா உயிர்களையும் அது சேர்த்துக் குறிக்கும். அவை ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. கிளையை அதற்கு விட்டுவிடலாம். குளோனுக்குப் போத்து.