லாஜிஸ்டிக்ஸ்: தேர்தல் செய்தியில் இதை எப்படித் தமிழில் எழுதுவது?

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் ஆங்கிலச் செய்திகளில் தவறாமல் தலைகாட்டும் சொல் ‘லாஜிஸ்டிக்ஸ்’. ஆளையும் பொருளையும் வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மொத்தத்துக்கும் அதுதான் பெயர். அதைத் தமிழில் எழுத உட்காருகிறவர்களில் ஒருவர் ‘தளவாடங்கள்’ என்கிறார், இன்னொருவர் ‘போக்குவரத்து’ என்கிறார், மூன்றாமவர் பொத்தாம்பொதுவாக ‘முன்னேற்பாடு’ என்று முடித்துக்கொள்கிறார். மூன்றும் தப்பில்லை. ஆனால் ஒன்றுகூட முழுப் பொருளையும் தாங்கவில்லை.

சொல் பிறந்த இடம் ராணுவம். நெப்போலியனின் படையில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துக்காரரான ஜோமினி, போர்க்கலை பற்றி 1838இல் எழுதிய நூல்தான் இதைப் பரவலாக்கியது. படைகள் எங்கே தங்குவது, எந்த வழியாக நகர்வது என்று பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குப் பிரெஞ்சில் ஒரு பதவிப் பெயர் உண்டு. அதிலிருந்துதான் ‘லொஜிஸ்டிக்’ வந்தது என்று அவரே சொல்கிறார். அந்தப் பெயரில் உள்ள ‘லொஜி’ தங்குமிடத்தைக் குறிக்கும். நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ‘லாட்ஜ்’ அதே குடும்பம். இன்னும் பின்னால் போனால், இலைதழை வேய்ந்த பந்தலைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லில் போய் நிற்கிறது.

கிரேக்கத்திலும் இதே சாயலில் ஒரு சொல் உண்டு. ‘லொகிஸ்டிகோஸ்’ என்றால் கணக்கிடத் தெரிந்தவர். பழைய ஏதென்ஸில் பதவி முடிந்து இறங்குகிற அதிகாரிகளின் கணக்கைத் தணிக்கை செய்தவர்களுக்கு ‘லொகிஸ்தாய்’ என்று பெயர். இரண்டு சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜோமினி சொல்வதை ஏற்றால் படைச்சொல்லுக்கு வேர் தங்குமிடம்தான், கணக்கு அல்ல. ஆனாலும் ஒரு தேர்தலைக் கிட்டே போய்ப் பார்த்தால் கணக்கு, தங்கல் இரண்டுமே அங்கே இருக்கின்றன.

முதலில் கணக்கு. 2024 மக்களவைத் தேர்தலை அறிவித்தபோது இந்தியத் தேர்தல் ஆணையம் சொன்ன எண்கள்: சுமார் 97 கோடி வாக்காளர்கள், 10.5 லட்சம் வாக்குச்சாவடிகள், 55 லட்சம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள், 1.5 கோடி ஊழியர்களும் பாதுகாப்புப் படையினரும், 4 லட்சம் வாகனங்கள். இந்த மாதிரிப் பெரிய எண்களைப் படித்தால் மலைப்பு வரும், வேலை எப்படி நடக்கிறது என்பது புரியாது. அதற்கு ஒரு தொகுதியைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தேர்தலில் கரூரில் 54 பேர் போட்டியிட்டார்கள். வாக்காளர் பொத்தானை அழுத்தும் பெட்டி ஒன்றில் 16 பெயர்களுக்குத்தான் இடம். 54 பேரோடு நோட்டாவையும் சேர்த்தால் 55. ஆக, ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் 4 பெட்டிகள். கட்டுப்பாட்டுக் கருவியும், ஒப்புகைச்சீட்டு காட்டும் விவிபாட் கருவியும் தனி. 15 பேர் மட்டும் நிற்கும் தொகுதிக்கு ஒரே பெட்டி போதும். அப்போ கரூரில் வண்டியில் பிடிக்கும் இடம், மேசையின் நீளம், வைக்க வேண்டிய சீல்கள் எல்லாமே கூடுகின்றன. சரி, முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிடலாமே என்றால், எத்தனை பேர் களத்தில் நிற்கிறார்கள் என்பது வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகுதான் உறுதியாகும். தமிழ்நாட்டில் அந்தக் கெடு மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பெயரும் சின்னமும் அச்சடித்து, இயந்திரத்தில் பொருத்தி, கணினிக் குலுக்கலில் எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்று பிரித்து முடிக்க நடுவில் இருந்தது அந்த 20 நாள்தான். இதைவிட விபரீதக் கணக்கும் நடந்திருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிவிட்டது, தேர்தலையும் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

அடுத்தது தங்கல். வாக்குப்பதிவுக்கு முந்தின நாளே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரும் மற்ற அலுவலர்களும் பொருள்களை எண்ணி வாங்கி, மண்டல அலுவலரின் வண்டியில் சாவடிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ராத்திரி அங்கேயே படுக்கை. பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும் என்பதால் விடிவதற்குள் எழுந்தாக வேண்டும். வாங்கி வரும் பையைப் பிரித்தால் மின்னணு யுகம் கொஞ்சம் விலகிவிடும். அழியா மை, உலோக முத்திரை, அரக்கு, நூல்கண்டு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, வாக்களிக்கும் இடத்தை மறைக்கும் அட்டை, வாக்களித்தவர்களைக் குறித்துவைக்கும் 17ஏ பதிவேடு, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவம். இயந்திரப் பெட்டியை நூலால் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, முத்திரை பதிப்பது இன்றும் அப்படியேதான் நடக்கிறது. மை மட்டும் 1962இலிருந்து ஒரே இடத்துச் சரக்கு, மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம்தான் தயாரிக்கிறது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். ‘சாவடி’ என்பதே வழிப்போக்கர்கள் தங்கும் இடத்தையும் ஊர்ப் பொது மண்டபத்தையும் குறித்த சொல். தெலுங்கு, கன்னடம், மராத்தியிலும் இது உண்டு. வெள்ளைக்காரர்கள் வாயில் ‘சோல்ட்ரி’ ஆனதும் இதுதான். ஆக, நம் தேர்தல் சொல்லில் தங்குமிடம் ஏற்கெனவே குடியிருக்கிறது.

போக்குவரத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. தர்மபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு இயந்திரங்கள் கழுதை மேல் போயிருக்கின்றன. நாமக்கல் மாவட்டம் போதமலைக்குத் தலைச்சுமையாகவே போயிருக்கின்றன.

இப்போது தமிழ்ச் சொற்கள். ‘தளவாடம்’ என்றால் கருவிகளும் உபகரணங்களும். ‘ராணுவத் தளவாடங்கள்’ என்று தினமும் படிக்கிறோம். அது பொருளை மட்டும் சொல்கிறது. அதை எண்ணுவது, நகர்த்துவது, காப்பது எதுவும் அதில் இல்லை. இலங்கையில் ‘தளபாடம்’ என்றால் மேசை நாற்காலி. ‘தேர்தல் தளவாடங்கள் வந்து இறங்கின’ என்று நாம் எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் பெஞ்சு வந்து இறங்கியதாக நினைத்துக்கொள்ளலாம், அவரைக் குறை சொல்ல முடியாது. ‘போக்குவரத்து’ வண்டியோடு நின்றுவிடும். ‘தளவாடவியல்’, ‘ஏற்பாட்டியல்’ போன்றவை பாடப்புத்தகத்துக்குச் சரி. செய்தியில் போட்டால் கல்லூரியில் அப்படி ஒரு துறை இருப்பதாகத்தான் தோன்றும்.

எனக்குப் பிடித்தது ‘ஏற்பாடு’. ஏற்படு என்ற வினையில் ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆகி வந்த பெயர். கட்டுப்பாடு, செயல்பாடு எல்லாம் இதே வார்ப்பு. (விவிலியத்தின் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு உடன்படிக்கை என்ற பொருளில் வருவது. தொல்காப்பியத்தில் பொழுது சாயும் நேரத்தைக் குறித்து வரும் ‘எற்பாடு’ வேறு சொல், முதலெழுத்து குறில்.) ஏற்பாடு என்றால் நடக்க வேண்டியதை நடக்க வைக்கும் வேலை. லாஜிஸ்டிக்ஸ் என்பதன் உள்ளீடு அதுதான். ஒரே குறை, அது ரொம்ப அகலம். வாக்காளர் பட்டியல் திருத்தமும் தேர்தல் ஏற்பாடுதான், அதை யாரும் லாஜிஸ்டிக்ஸ் என்று சொல்வதில்லை. அதனால் ஆளும் பொருளும் இடம்பெயரும் வேலையை மட்டும் குறிக்க ‘தளவாட ஏற்பாடு’ என்று அடை சேர்த்து எழுதலாம். பெயரடையாக வரும் இடத்தில் ‘ஏற்பாட்டுச் சிக்கல்’, ‘ஏற்பாட்டுச் செலவு’ என்று இயல்பாகவே சேர்ந்துகொள்கிறது.

ஆட்சியர் அலுவலகங்கள் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி வைத்திருக்கின்றன. அங்கே ஆள், பொருள், வாகனம், பயிற்சி என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர். மொத்தத்துக்கும் ஒரே சொல் தேவைப்படுவதே இல்லை. மொழிபெயர்ப்பாளரும் பல இடங்களில் இதையே செய்யலாம் என்பேன். ‘லாஜிஸ்டிக்ஸ் காரணங்களால் 7 கட்டத் தேர்தல்’ என்று வந்தால், ‘மத்தியப் படைகளை மாநிலம் மாநிலமாக நகர்த்த வேண்டியிருப்பதால்’ என்று விஷயத்தையே எழுதிவிடுங்கள். ஆங்கிலச் சொல் மூடி மறைத்த காரணம் தமிழில் வெளியே வந்துவிடும். தேர்தலுக்கு வெளியே, மாதவரத்து லாரி கம்பெனிப் பலகைகளில் உள்ள ‘லாஜிஸ்டிக்ஸ்’ ஒரு தொழிலின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம்.