செயற்கைக் கிட்னி வரும்வரை: இலவச டயாலிசிஸ் பெறும் வழி

“செயற்கைக் கிட்னி வந்துவிட்டது, இனி டயாலிசிஸ் வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் ஒரு செய்தி சுற்றுகிறது. உடலுக்குள் பொருத்தும் கருவி ஒன்றை அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஷுவோ ராய் குழுவினர் உருவாக்கிவருவது உண்மைதான். அதில் சிறுநீரகச் செல்கள் அடங்கிய பகுதியைப் பன்றிகளுக்குப் பொருத்தியதில் ஏழு நாள் வேலை செய்தது என்று 2023-இல் அறிவித்தார்கள். அவ்வளவுதான், இன்னும் மனிதருக்கு வரவில்லை. டாக்டர் “டயாலிசிஸ் ஆரம்பிச்சிடலாம்” என்று சொல்லிவிட்ட வீட்டுக்கு இந்தச் செய்தியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, கைக்காசு கரையாமல் டயாலிசிஸ் எங்கே கிடைக்கும் என்பது.

2016 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி சொன்ன கணக்கு இது: ஆண்டுக்கு 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. ஒருமுறை டயாலிசிஸ் செய்ய சுமார் 2,000 ரூபாய், வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்வதே திட்டம். பல மாநிலங்களில் இடம், மின்சாரம், தண்ணீர் அரசுடையது; மெஷினும் ஆட்களும் தனியாருடையவை. தண்ணீர் என்றதும் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நான்கு மணி நேரத்தில் ஒருவருக்கே ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது. ஆர்.ஓ. பிளான்ட் கெட்டால் அன்றைக்கு டயாலிசிஸே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கான சாவி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். அரசு மருத்துவமனையிலும் இந்த அட்டையைக் கேட்பார்கள். “தர்மாஸ்பத்திரிதானே, எதுக்கு அட்டை” என்று விட்டுவிடாதீர்கள். தனியாரில் செய்வதாக இருந்தால், அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, அங்கே டயாலிசிஸும் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை பற்றிய சந்தேகத்துக்கு 1800 425 3993.

டயாலிசிஸ் இலவசம், சரி. போய்வருவது இலவசமில்லையே! வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கூட ஓர் ஆள், அவருக்கு அன்றைக்குக் கூலி போச்சு. எங்கள் பெரியப்பா எட்டு மாதம் இப்படி பஸ்ஸில் அலைந்த பிறகுதான், வீட்டிலேயே செய்யக்கூடிய வயிற்று டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அவர் போய்க்கொண்டிருந்த இடத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இரண்டு லிட்டர் திரவப் பையை உயரமாகத் தொங்கவிட்டு உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, அடுத்த பையை மாட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. மெஷின் இல்லை, கரன்ட் வேண்டாம். கை சுத்தம் மட்டும் கறாராக இருக்க வேண்டும். வடிந்து வரும் நீர் தெளிவாக இல்லாமல் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி வந்தால் உள்ளே கிருமி சேர்ந்திருக்கலாம்; அந்தப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சேவைகளில் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பிபி, சுகர் மாத்திரை தரும் திட்டம் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். வயிற்று டயாலிசிஸ் எல்லோருக்கும் ஒத்துவராது. முன்பு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் டாக்டர் வேண்டாம் எனலாம். ஆனால் “எனக்கு சி.ஏ.பி.டி. சரிப்படுமா?” என்று நீங்களாகக் கேளுங்கள்; வீட்டில் செய்யும் இந்த வயிற்று டயாலிசிஸுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் அது. அப்புறம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பை வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரியுங்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கும் போன் செய்யலாம்.

மெஷின் டயாலிசிஸ்தான் என்று முடிவானால் ஃபிஸ்டுலா ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்; டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவிடுவதுதான் ஃபிஸ்டுலா. அது பழுத்து ஊசி குத்தத் தயாராகவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கழுத்தில் குழாயோடு இருக்க வேண்டிவரும். கிருமித் தொற்றுக்கு அது வசதி. ஃபிஸ்டுலா போட்ட கையில் விரலை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பாருங்கள். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடக்கூடாது.

வெளியூருக்குப் போய் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் மாற்று அறுவைக்குப் போகிறவர்களுக்கும் ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும், துணைக்கு வரும் ஒருவருக்கும் சேர்த்து. ரயில்வேக்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வாங்கிக் கவுன்ட்டரில் கொடுங்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டால், இன்னொரு நடை மிச்சம்.